சுண்ணாம்பு அடிக்கும் ஊர்கள்: மத்தியதரைக் கடலோரத்து வெள்ளை எங்கிருந்து வந்தது?

2011-இல் தென் ஸ்பெயினின் மலாகா மாகாணத்தில் ஹுஸ்கார் என்ற மலைக் கிராமம் தன் வெள்ளைச் சுவர்கள் அத்தனைக்கும் நீலம் பூசிக்கொண்டது. ஊரின் மக்கள்தொகை இருநூற்றுச் சொச்சம். ஸ்மர்ஃப் எனப்படும் நீலக் குட்டி மனிதர்களின் படத்துக்கு விளம்பரம் தேடிய சோனி நிறுவனம் கேட்டது, ஊர் சம்மதித்தது. தேவாலயம்கூடத் தப்பவில்லை. விளம்பரம் முடிந்ததும் பழையபடி வெள்ளை அடித்துத் தருவதாகத்தான் பேச்சு. அதற்குள் வேடிக்கை பார்க்க ஆட்கள் குவியத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஊரார் வாக்களித்தார்கள்: நீலமே இருக்கட்டும். 2017-இல் உரிமைப் பிரச்சினை வந்து, ஸ்மர்ஃப் என்ற பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது என்றாகிவிட்டது. பெயர் போனது, நீலம் போகவில்லை.

ஹுஸ்காரைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் ‘வெள்ளைக் கிராமங்கள்’ என்ற பெயரில் உலகம் முழுக்க விளம்பரமாகிறவை. காலங்காலமாக மாறாத மரபு என்றுதான் அந்த வெள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் ஒரு கிராமம் சில வாரங்களில் நிறம் மாறி, அதுவே லாபம் என்று கண்டு அப்படியே இருந்துவிட்டது என்றால், அந்த மரபு எவ்வளவு பழையது, யாரால் வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஊருக்கு ஊர் பதில் வேறு. சில இடங்களில் வெள்ளையின் வயது நம் தாத்தாக்களின் வயதுக்கு மேல் போகாது.

முதலில் சுண்ணாம்பு. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பாறை. அதைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகும். கரைத்துச் சுவரில் அடித்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகிவிடும். கல்லைச் சுட்டுக் கரைத்துத் திரும்பச் சுவரில் கல்லாக்குவதுதான் வெள்ளையடிப்பு. பொங்கலுக்கு முன் தொட்டியில் சுண்ணாம்பை ஊறப்போட்டு, கொஞ்சம் நீலம் கலந்து அடித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கிரேக்கத் தீவுகளில் ஈஸ்டருக்கு முன் இதே வேலை நடக்கும். கதவு, ஜன்னலுக்குப் பூசும் நீலத்துக்குக்கூட, துணி வெளுக்கப் போடும் நீலப் பொடிதான் பல வீடுகளில் கைகொடுத்தது. விலை மலிவு, எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

சுண்ணாம்பின் குணம் இரண்டு விதத்தில் முக்கியம். ஒன்று, அது கடுமையான காரம், அதன் pH அளவு 12-க்கு மேல். புதிதாக அடித்த சுவரில் கிருமியும் பூஞ்சையும் பிழைப்பது கடினம். இரண்டாவது, அது சுவரை மூடி அடைப்பதில்லை. தடித்த கல் சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே வந்து உலர்ந்துவிடும். இந்தக் குணத்துக்கு விலையும் உண்டு: மழை கரைக்கும், காற்று உதிர்க்கும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி அடிக்க வேண்டும். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் இது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது. கிரேக்கத் தீவுகளில் சுவரின் விளிம்புகளும் படிகளும் கூர்மையே இல்லாமல் வழவழவென்று உருண்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கட்டும்போதே அப்படிக் கட்டியதும் உண்டு. ஆண்டுதோறும் படலத்தின் மேல் படலமாகச் சுண்ணாம்பு ஏறியதும் அதற்கு ஒரு காரணம். மிக்கோனோஸ் தீவின் பாராபோர்த்தியானி தேவாலயம், ஐந்து சிறு கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கட்டடம், இதற்கு நல்ல சாட்சி. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம்.

வெயிலுக்காக வெள்ளை என்பது எல்லாரும் சொல்லும் காரணம். பொய்யில்லை. வெள்ளைச் சுவர் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், வீட்டுக்குள் சூடு குறையும். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், அதே வெயில் காயும் மால்டாத் தீவும் குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் நகரமும் ஏன் சுண்ணாம்பு அடிக்கவில்லை? கடலோரத்தில் மஞ்சளும் ரோஜாவும் காவியுமாக நிற்கும் இத்தாலிய மீனவர் ஊர்களின் கதை என்ன? அந்தலூசியாவின் வெள்ளைக் கிராமங்களில் ஒன்றான கிராசலேமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் அதுவும் ஒன்று. உண்மையில் இந்த ஊர்களைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதில் நிறத்துக்கு நிகரான பங்கு, தடித்த சுவருக்கும் சிறிய ஜன்னலுக்கும் ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழும் குறுகிய சந்துகளுக்கும் உண்டு.

எனக்குப் படும் முதல் காரணம் கல்தான். நல்ல கல் கிடைத்த ஊர் அதைச் சீராக அறுத்து அப்படியே காட்டியது. கிடைக்காத ஊர் கரடுமுரடாகக் கட்டிப் பூசி மறைத்தது. மால்டாவின் வல்லெட்டா, 1565-இல் நடந்த பெரிய முற்றுகைக்கு அடுத்த ஆண்டு அடிக்கல் போட்ட நகரம். அங்குள்ள சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருக்கும், ரம்பத்தாலேயே அறுக்கலாம், காற்றுப்பட்டபின் மேல்பரப்பு இறுகும். தேன் நிறம். அதன் மேல் சுண்ணாம்பு அடிக்க யாருக்கும் மனம் வராது. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் 1667 நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு முதன்மைத் தெருவான ஸ்த்ராதூனின் இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வெளிர் கல்லில் எழுந்தது. அதே கடற்கரையில் சற்று வடக்கே பிராச் தீவுக் கல். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் தியோக்ளேஷியன் ஸ்ப்ளிட்டில் கட்டிய அரண்மனைக்கு அதுதான் போனது. வாஷிங்டனின் வெள்ளை மாளிகையும் பிராச் கல்தான் என்று அங்கே வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வதுண்டு. நம்ப வேண்டாம். அது விர்ஜீனியாவின் மணற்கல். வேடிக்கை என்னவென்றால், குளிரில் அந்தக் கல் வெடிக்காமலிருக்க 1798-இல் அதற்கு அடித்தது சுண்ணாம்பு!

கிரேக்கத் தீவான சாண்டோரினிக்கு வருவோம். அது ஓர் எரிமலையின் விளிம்பு. கிடைத்த கல் கறுப்பும் சிவப்புமான எரிமலைக் கல், மேலே தடிமனான எரிமலைச் சாம்பல். மரம் கிடையாது, அதனால் உத்தரம் போட வழியில்லை. சாம்பல் படுகையைக் குடைந்து உள்ளே வீடு, முன்பக்கம் மட்டும் சுவர், கூரைக்குக் கமான் வளைவு. அந்தச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் அருமையான காரை கிடைக்கும். 1859 முதல் 1869 வரை நடந்த சூயஸ் கால்வாய் வேலைக்குக் கப்பல் கப்பலாக அதை ஏற்றிப் போனார்கள். தண்ணீருக்கும் பஞ்சம். கூரையில் விழும் மழையை வீட்டுக்கடியில் தொட்டியில் சேர்ப்பார்கள், அந்தக் கூரைக்கு அடித்த சுண்ணாம்பு தண்ணீரையும் ஓரளவு சுத்தமாக வைத்தது. ஆக, கரடுமுரடான கறுப்புக் கல், இருண்ட குகை அறை, கூரைத் தண்ணீர், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து.

ஆனாலும் எல்லா வீடும் வெள்ளையாக இருந்ததில்லை. இன்று உலகம் முழுக்கப் படங்களில் பார்க்கும் சாண்டோரினியின் ஓயா, 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் முதலாளிகளின் ஊர். மேட்டில் இருந்த அவர்களின் மாளிகைகள் காவியும் ரோஜாவும் மஞ்சளுமாக நின்றன. மலைச்சரிவில் குடைந்த வீடுகள் மாலுமிகளுடையவை. அதாவது நாம் இன்று ஒரு ராத்திரிக்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்துத் தங்க நினைக்கும் குகை அறை, அந்தக் காலத்தில் வசதி இல்லாதவனின் வீடு.

அப்படியானால் ஊர் முழுக்க வெள்ளையும் நீலமுமாக எப்படி ஆனது? 1930-களின் பிற்பகுதியில் கிரேக்க நாட்டை ஆண்ட மெட்டாக்சாஸ் காலராவுக்கு அஞ்சி வீடுகளுக்குச் சுண்ணாம்படிக்க உத்தரவிட்டார் என்றும், 1967 முதல் 1974 வரை இருந்த ராணுவ ஆட்சி கொடியின் நிறமான நீலத்தையும் வெள்ளையையும் தீவுகளுக்கு விதியாக்கியது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 1956 ஜூலை 9 அன்று ஏஜியன் கடலில் வந்த நிலநடுக்கத்தில் சாண்டோரினியில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஓயா பெருமளவு இடிந்தது, பலர் ஏதென்சுக்குப் போய்விட்டார்கள். ஊர் பாழாகக் கிடந்தது. 1975-இல் கிரேக்கச் சுற்றுலா நிறுவனம் பழைய குடியிருப்புகளைப் பழுதுபார்த்து விடுதிகளாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் ஓயாவும் சேர்ந்தது. இடிந்த குகை வீடுகள் எழுந்தது விருந்தாளிகளுக்காக. அன்று முதல் வெள்ளை என்பது ஊரின் விலைச்சீட்டில் ஒரு பகுதி.

வெளியூர்க்காரர்களின் கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1933-இல் நவீனக் கட்டடக்கலைஞர்கள் ஒரு கூட்டமாக மார்செய்யிலிருந்து ஏதென்சுக்குக் கப்பலேறினார்கள். நமக்குச் சண்டிகர் மூலம் தெரிந்த லெ கொர்பூசியேவும் அதில் இருந்தார். அலங்காரம் இல்லாத வெள்ளைப் பெட்டிகளாக வீடு கட்ட வேண்டும் என்று அவர்கள் ஐரோப்பாவில் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. தீவுகளில் அலங்காரமில்லாத வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்ததும் தங்கள் கொள்கைக்கு ஆயிரமாண்டு ஆதாரம் கிடைத்துவிட்டதாகப் பூரித்துப்போனார்கள். பளிங்குக் கோயில்கள் பழங்காலத்தில் பளிச்சென்ற வண்ணம் பூசியவை என்பதையும் ஐரோப்பா மறந்துவிட்டு ‘வெள்ளைக் கிரேக்கம்’ என்ற கற்பனையைப் பல காலம் வளர்த்திருந்தது. இரண்டும் ஒன்று சேர்ந்தன.

துனிசியாவின் சிதி பூ சைத் இதைவிடத் தெளிவான உதாரணம். துனிஸ் வளைகுடாவைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் ஊர். ஊரின் வெள்ளைச் சுவரையும் நீலக் கதவையும் காக்க 1915-லேயே சட்டம் வந்துவிட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலம். அங்கே குடியேறி, 1912 முதல் பத்தாண்டு செலவிட்டு மாளிகை கட்டிக்கொண்ட பிரபு ரொதோல்ஃப் தெர்லாஞ்சே அதற்குப் பின்னால் இருந்தார். ஓவியரும் அரபு இசை ஆய்வாளருமான அவருடைய மாளிகை இன்று இசை மையம். உள்ளூர் வழக்கத்தை அந்நியர் ஒருவர் ரசித்து, அரசு அதைச் சட்டமாக்கி, ஊர் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு நூற்றாண்டைக் கழித்துவிட்டது.

இத்தாலியின் புலியா மாநிலத்தில் கதை நோயிலிருந்து தொடங்குகிறது. மூன்று குன்றுகளின் மேல் கட்டிய ஓஸ்தூனிக்கு ‘வெள்ளை நகரம்’ என்றே பட்டப்பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பிளேக் என்ற கொள்ளைநோய் வந்தபோது சுண்ணாம்பு அடித்துத் தப்பித்தோம் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் இதை அனுபவத்தில் கண்டுகொண்டிருந்தால் ஆச்சரியம் இல்லை. ஆனால் கொள்ளைநோய் பரவியது எலித் தெள்ளுப்பூச்சி வழியாக. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு அதை எவ்வளவு தடுத்திருக்கும் என்பது கேள்விதான். எப்படியோ, தொற்றுநோய்க் காலத்தில் வீடு, தேவாலயம், மருத்துவமனைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது தென் ஐரோப்பா முழுக்கப் பொதுச் சுகாதார நடவடிக்கையாகவே இருந்தது. அந்தலூசியாவின் பெருநகரமான செவில்லில் பழைய வீடுகள் பலவும் ஒரு காலத்தில் காவியும் மஞ்சளும் பூசியிருந்தவை. அங்கே வெள்ளை மெல்ல மெல்லத்தான் மேலேறியது.

ஓஸ்தூனியிலிருந்து உள்நாட்டில் கொஞ்ச தூரம் போனால் அல்பெரோபெல்லோ. காரையே இல்லாமல் சுண்ணாம்புக்கல் பலகைகளை அடுக்கிக் கூம்புக் கூரை போட்ட ‘த்ருல்லி’ வீடுகள், சுவர் மட்டும் வெள்ளை. வரி வசூலிக்க ஆள் வந்தால் கூரையைச் சரித்துவிட்டு ‘இங்கே ஊரே இல்லை’ என்று காட்டலாம், அதற்காகவே நிலப்பிரபுக்கள் காரை போட விடவில்லை என்று சொல்வார்கள். 1797-இல் நேப்பிள்ஸ் அரசர் ஊரைப் பிரபுவின் பிடியிலிருந்து விடுவித்தார். 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கூம்பு வீட்டுத் தெரு ஒன்று இப்போது முழுக்கப் பரிசுப்பொருள் கடை. அதைத் தாண்டி லோகோரோதோந்தோவுக்குப் போய் நிதானமாக நடப்பது எனக்கு மேலாகப் படுகிறது. அது வட்டமாகக் கட்டிய வெள்ளை ஊர், இன்னும் ஆட்கள் குடியிருக்கும் ஊர்.

தென் இத்தாலியின் மத்தேராவை விட்டுவிட முடியாது. சுண்ணாம்பு பூசாத, வெளிர் பாறையிலேயே குடைந்த குகை வீடுகளின் நகரம். 1940-களின் இறுதியில் அரசியல்வாதிகள் அதை ‘தேசிய அவமானம்’ என்றார்கள். ஒரே குகைக்குள் குடும்பமும் கழுதையும் கோழியும், குழந்தைகளுக்கு மலேரியா. 1952-இல் சட்டம் போட்டுச் சுமார் 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். பல ஆண்டுகள் அந்தப் பகுதி பூட்டிக் கிடந்தது. 1986-இல் இன்னொரு சட்டம் மீட்புக்குப் பணம் ஒதுக்கியது, 1993-இல் யுனெஸ்கோ, 2019-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர். பாட்டி வெளியேற்றப்பட்ட குகையில் இப்போது வெந்நீர்த் தொட்டியோடு ஹோட்டல் அறை. வறுமை திரும்பி வர வேண்டாம்தான். ஆனால் வாழ்ந்தவர்கள் திரும்பவில்லை என்பதைக் கவனிக்காமல் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வர முடியாது.

வாழ்கிறவர்கள் குறைவதுதான் இந்த ஊர்களின் பொது நோய். சாண்டோரினியில் குடியிருப்போர் சுமார் 15,000 பேர், ஆண்டுக்கு வருகிறவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். 2024 கோடையில் உச்ச நாள் ஒன்றில் உல்லாசக் கப்பல்களிலிருந்து மட்டும் 11,000 பேர் இறங்கினார்கள். ‘உங்களுக்கு விடுமுறை, எங்களுக்கு வீடு’ என்று ஓயாவின் சந்துகளில் எழுதி ஒட்டியது அப்போதுதான். 2025 முதல் கப்பல் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 என்று வரம்பு வைத்து, கோடை உச்சத்தில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் போட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் தொடர் நில அதிர்வுகள் வந்து 11,000-க்கும் மேற்பட்டோர் தீவை விட்டுத் தற்காலிகமாக வெளியேறியது தனிக் கதை. துப்ரோவ்னிக்கின் மதிலுக்குள் 1991-இல் சுமார் 5,000 பேர் இருந்தார்கள், இப்போது 1,500-க்குப் பக்கம். அங்கே 2019 முதல் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், 4,000 பயணிகள் என்று கட்டுப்பாடு.

இது சுவரிலும் தெரியும். குடும்பம் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்த இடத்தில் இப்போது விடுதி முதலாளி கூலிக்கு ஆள் வைத்து எமல்ஷன் பெயின்ட் அடிக்கிறார். நாலைந்து ஆண்டு கவலை இல்லை, வெள்ளையும் பளீரென்று இருக்கும். ஆனால் அது பழைய கல் சுவரை மூடிவிடும். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகப் பெயரும். அருகில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சுண்ணாம்புச் சுவர் கையில் மாவாக ஒட்டும், பெயின்ட் சுவர் பிளாஸ்டிக் போல வழுக்கும், உரியும்போது தோலாக உரியும். சுண்ணாம்புத் தொழிலே அழியாமல் காக்க முயன்ற ஊரும் உண்டு. செவில் மாகாணத்தின் மோரோன் தெ லா ஃப்ரொந்தேராவில் பழைய காளவாய்களைச் சீர்படுத்தி, வேலை தெரிந்தவர்களைக் கொண்டே அடுத்த தலைமுறைக்குக் கற்றுத் தந்தார்கள். 2011-இல் யுனெஸ்கோ அதை நல்ல பாதுகாப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது. சுண்ணாம்புக்கென்று ஓர் அருங்காட்சியகமே அங்கே இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

சரி, போவதானால் எப்படிப் போவது? ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத் தீவுகளில் மெல்தெமி என்ற வடகாற்று பலமாக அடிக்கும், படகுகள் தாமதமாகும், சில நாள் ரத்தும் ஆகும். அந்தலூசிய உள்நாட்டில் அந்த மாதங்களில் 40 டிகிரியைத் தொடும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நம் ஊர் வெயிலுக்குப் பழகிய கண்ணையும் கூச வைக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அவசியம். காலணியையும் கவனியுங்கள். துப்ரோவ்னிக்கிலும் ஓஸ்தூனியிலும் தெருக்கல் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி போலாகிவிட்டது, தூறல் விழுந்தால் வழுக்கும். சாண்டோரினியில் பழைய துறையிலிருந்து ஃபீரா ஊருக்கு ஏறக் கழுதைகள் நிற்கும். கேபிள் கார் இருக்கும்போது அவற்றின் முதுகில் ஏற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், மால்டா நான்கும் ஒரே ஷெங்கன் விசாவில் அடங்கும். 2023 முதல் குரோவேஷியாவும் அதில் சேர்ந்துவிட்டது. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. துனிசியா தனி. ஆனால் துனிஸ் நகரத்திலிருந்து சிதி பூ சைதுக்குப் புறநகர் ரயிலே போகிறது, வழியில் கார்த்தேஜின் இடிபாடுகளும் வரும். பகல் பேருந்துக் கூட்டம் இறங்குவதற்கு முன், காலையிலேயே மேட்டில் ஏறிவிடுவது நல்லது.